நான் அழிச்ச முப்பது நாள்

எண்பதுகளோட கடைசியில, எங்க திருத்தணியில நடந்தது இது. அப்போ எனக்கு இருபத்திமூணு வயசு. மெட்ராஸ்ல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல படிச்சு முடிச்சு, அங்கயே சொல்லிக் குடுக்கிற வேலையும் கிடைச்சிருந்துச்சு. காலையில ரயில் ஏறினா சாயங்காலம்தான் வீடு. எங்க தெருவுல கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்த ஒரே ஆள் நான்தான். போதாதா? தலைகால் புரியல எனக்கு. அதோட மூக்கு மேல கோவம் வேற வரும். அது இப்பவும் வரும், அதை விடுங்க.

எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு ஓவர்சியர் இருந்தார். கிராமங்களுக்குக் குடிதண்ணிக்கு போர் போடற வேலை அவருது. ஒருநாள் ரெண்டு நோட்டைத் தூக்கிகினு வந்தார். "ஏம்மா, இந்த வருஷம் ஒரே ஒரு போர்தான் குடுத்திருக்காங்க. ரெண்டு ஊர் கேக்குது. எந்த ஊர் கிணறு ரொம்ப நாள் வறண்டு கிடந்துச்சோ அந்த ஊருக்குத்தான். உன் கம்ப்யூட்டர்ல ஒரு கிராஃப் போட்டுக் குடு, மேல அனுப்பிடறேன்"ன்னார். கம்ப்யூட்டர்ல போட்ட படம்னா மேலதிகாரிங்க மறுபேச்சு பேச மாட்டாங்கன்னு அவருக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும் அதே நம்பிக்கைதான்.

முதல் நோட்டு திருவாலங்காடு பக்கத்துல ஒரு விவசாய ஊரோடது. இங்கிலீஷ் தேதி போட்டு, கிணத்துல தண்ணி எவ்ளோ ஆழத்துல இருக்குன்னு வாரா வாரம் எழுதியிருந்தாங்க. கிணறு வறண்டு கிடந்தது நாப்பது நாள். அந்த ஊர் கோடு ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது.

ரெண்டாவது நோட்டுதான் என் உயிரை வாங்குச்சு. அது பொதட்டூர்பேட்டை பக்கத்துல ஒரு நெசவுக்காரத் தெரு. வீட்டுல தெலுங்கு பேசறவங்க, எழுதறது தமிழ்ல. தெருவுக்கே ஒரு கிணறு. குடிக்கவும் அதுதான், தறியில ஏத்தற பாவு நூலுக்குக் கஞ்சி போடவும் அதுதான். அதனால எந்த வீடு எப்போ இறைக்கணும்னு முறை வெச்சிருந்தாங்க. அமாவாசையன்னைக்குத் தறி ஓடாது இல்லையா, அன்னைக்குத்தான் முறை மாறும். அதனால நோட்டு முழுக்க அமாவாசைக் கணக்குதான், அமாவாசைக்கு மறுநாள் தெலுங்கு மாசத்தோட ஒண்ணாம் நாள். சைத்ரம் ஒண்ணாம் நாள், எட்டாம் நாள், பதினஞ்சாம் நாள், இருபத்திரெண்டாம் நாள், அப்புறம் வைசாகம் ஒண்ணாம் நாள்ன்னு போய்கினே இருக்கும். பக்கத்துல, கயித்துல எத்தனை முழம் இறக்கினா தண்ணி தொடுதுன்னு இருக்கும். தண்ணியே இல்லாம வாளி தரையில முட்டினா 'சேறு'ன்னு எழுதியிருக்கும். அவ்ளோதான். ஒரு இங்கிலீஷ் தேதி கிடையாது.

கம்ப்யூட்டர் பத்தி இங்க ஒரு வார்த்தை சொல்லணும். கிராஃப் போடறதுக்குன்னு யாரோ எழுதி வெச்ச ரெடிமேட் புரோகிராம்ங்க ஒரு கட்டு எங்க சென்டர்ல ஃப்ளாப்பியில இருந்துச்சு. லைப்ரரின்னு சொல்லுவோம். நம்பரைக் குடுத்தா கோடு போட்டுத் தரும். ஆனா அந்தச் சனியனுக்குத் தேதின்னா என்னன்னே தெரியாது! ஜனவரி ஒண்ணுல இருந்து இது எத்தனையாவது நாள்ன்னு நாமதான் கணக்கு பண்ணி ஊட்டணும். அதுலயும் லீப் வருஷம் பார்க்கணும். பிப்ரவரியில ஒரு நாளை மறந்துட்டு ஒரு சாயங்காலமே போச்சு. சரி, கோடு வந்துச்சுன்னு பார்த்தா, அடியில எழுதற தேதிங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒரே கரிக்கோடு. பிரிச்சு எழுதினா பேப்பரை விட்டு வெளியே ஓடுது. எனக்குக் கிடைக்கிறது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். அதுல பிரின்டர் ஒரு படம் அடிக்கக் கால் மணி நேரம், கர்ரு கர்ருன்னு. பாதியில கரென்ட் போயிடும். செருப்பைக் கழட்டிட்டு ஏசி ரூம்ல நடுங்கிகினு உக்காந்து, இதுக்கா படிச்சேன்னு அழுகை அழுகையா வரும்.

தெலுங்கு மாசக் கணக்கை இங்கிலீஷ் தேதிக்கு மாத்த நானே ஒரு வழி பண்ணேன். தெலுங்கு வருஷப் பிறப்பு உகாதி என்னைக்குன்னு காலண்டர்ல பார்த்துகினேன். மாசப் பேர் பன்னெண்டையும் பக்கத்து வீட்டுல கேட்டு வரிசையா எழுதிகினேன். ஒரு மாசத்துக்கு முப்பது நாள், அடுத்ததுக்கு இருபத்தொன்பது நாள். முடிஞ்சுது கணக்கு. என் மூளையை நானே மெச்சிகினேன்.

படம் அடிச்சுப் பார்த்தா, கோடு கோணல்மாணலா வந்திருக்கு. ஒழுங்கா முன்னால போய்கினு இருந்த கோடு, மே மாசம் பாதியில இருந்து ஜூன் பாதி வரைக்கும் போய், சர்ருன்னு பின்னால வந்து, மறுபடி மே பாதியில இருந்து ஆரம்பிக்குது. காலம் எங்கயாவது பின்னால போகுமா? லைப்ரரி மேல சந்தேகப்பட்டேன். என் புரோகிராம் மேல சந்தேகப்பட்டு வரி வரியா பார்த்தேன். மூணு நாள் போச்சு. ஒண்ணும் புரியல. கடைசியில நோட்டைத் திருப்பிப் பார்த்தா, அட! ஜேஷ்ட மாசம் ரெண்டு தடவை எழுதியிருக்கு. அடுத்தடுத்த பக்கம். அதே ஒண்ணு, எட்டு, பதினஞ்சு, இருபத்திரெண்டு. எல்லாத்துக்கும் நேரா அதே 'சேறு'. பார்த்து எழுதின மாதிரி அப்படியே இருந்துச்சு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். வறட்சியைக் கூட்டிக் காட்டி போர் வாங்கணும்னு ஒரு மாசத்தையே கூட எழுதிட்டாங்கன்னு முடிவு பண்ணிட்டேன். மூணு நாள் என்னை ஏசி ரூம்ல நடுங்க வெச்சது இந்தத் திருட்டுத்தனமா!

அந்த வாரமே, அந்த நோட்டை எழுதற பெண் ஓவர்சியர் ஆபீசுக்கு வந்திருந்தாங்க. அவங்களுக்கும் என் வயசுதான் இருக்கும். முறை எழுதணும், நோட்டு வேணும்னு கேட்டு வந்திருக்காங்க. நானும் அங்க இருந்தேன். ரூம்ல ஏழெட்டுப் பேர் இருந்தாங்க.

"ஏங்க, ஜேஷ்ட மாசத்தை ரெண்டு தடவை எழுதியிருக்கீங்களே, எப்படி?"ன்னு கேட்டேன்.

"ஆங், ரெண்டு தடவைதாங்க வந்துச்சு"ன்னாங்க, சாதாரணமா.

மாட்டிக்கினதும் திமிராப் பேசறாங்கன்னு நெனைச்சேன். "மாசம் என்ன பஸ்ஸாங்க, ரெண்டு தடவை வர்றதுக்கு?"ன்னேன். ரூம்ல எல்லாரும் சிரிச்சுட்டாங்க. ஓவர்சியரும் சிரிச்சார். அந்தப் பொண்ணு என்னைப் பார்த்தாங்க. நோட்டை வாங்கிகினு போயிட்டாங்க.

நான் போய் கம்ப்யூட்டர்ல ஒரு ஜேஷ்டத்தை அழிச்சேன். ஆகா, என்ன அழகா வந்துச்சு கோடு! வழுவழுன்னு முன்னால போச்சு. ஒரு சின்ன இடைஞ்சல் மட்டும் இருந்துச்சு. நோட்டுல கடைசியா எழுதியிருந்தது எங்கிட்ட வந்த வாரம்தான்னு ஓவர்சியர் சொல்லியிருந்தார். ஆனா படத்துல கோடு ஒரு மாசம் முன்னாடியே நின்னுடுச்சு. வலது பக்கம் காலியா கிடந்துச்சு. அவருக்குத்தான் ஞாபகம் பிசகு, கடைசி மாசம் எழுதவே இல்ல போலன்னு சொல்லிகினு, காலியா இருந்த பேப்பரைக் கத்தரியால வெட்டிட்டேன். ஜூன் பாதியிலயே கிணத்துல தண்ணி ஏறிட்ட மாதிரி படம் காட்டுச்சு. அந்த ஜூன்ல சொட்டு மழை இல்ல, நானே குடை எடுக்காம ரயிலுக்குப் போனவதான். கம்ப்யூட்டர் சொல்லுதேன்னு அதையும் யோசிக்கல. மொத்தத்துல அந்தத் தெரு கிணறு வறண்டது ஒரே ஒரு மாசம். அந்த விவசாய ஊருக்கு நாப்பது நாள். பொங்கல் கழிஞ்சு போர் வண்டி அந்த ஊருக்குப் போச்சு, நல்ல தண்ணி வந்துச்சுன்னு ஓவர்சியர் எனக்கு சாக்லேட் குடுத்தார்.

மாசி மாசம்னு நெனைக்கிறேன். காலையில ரயில்ல என் எதிர்ல ஒரு அம்மா கல்யாணப் பத்திரிகைப் பையோட உக்காந்திருந்தாங்க. பக்கத்துல இருந்தவங்க, பொண்ணு கல்யாணம் போன வருஷமே ஆகலையான்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் தெலுங்குலதான் பேசிகினாங்க. எங்க ஊர்ல எல்லாருக்கும் அது புரியும்.

"ஜேஷ்டத்துலதான் வெச்சிருந்தோம். போன வருஷம் ஜேஷ்டம் ரெண்டா வந்துடுச்சே! முதல்ல வந்தது அதிக மாசம், அதுல நல்ல காரியம் செய்யக் கூடாதுன்னுட்டாங்க. அப்புறம் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கல, தள்ளிப் போச்சு"ன்னாங்க அந்த அம்மா.

தூக்கிவாரிப் போட்டுச்சு எனக்கு. "என்னம்மா சொல்றீங்க, மாசம் ரெண்டா வருமா?"ன்னு நடுவுல புகுந்து கேட்டேன்.

"வராம? அமாவாசைக் கணக்குல வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் குறையுது இல்ல? மூணு வருஷம் ஆனா ஒரு மாசம் சேர்ந்துடும். அதைக் கூட ஒரு மாசமா வெச்சுடுவாங்க. அந்த வருஷம் பதிமூணு மாசம். இது கூடத் தெரியாதா, படிச்ச பொண்ணு மாதிரி இருக்கே?"

அப்பதான் மணவூர்ல வண்டி நின்னுது. எனக்கு இறங்கி ஓடிடலாம் போல இருந்துச்சு. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போலவும் இருந்துச்சு. அன்னைக்கு சென்டர்ல பசங்களுக்கு என்ன பாடம் எடுத்தேன்னு எனக்கே தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமா சமையல் ரூம்ல புதுக் காலண்டருக்குப் பின்னால மாட்டியிருந்த போன வருஷக் காலண்டரை இழுத்துப் பார்த்தேன். வைகாசி மாசத்துல ரெண்டு கறுப்பு வட்டம். ஒரே மாசத்துல ரெண்டு அமாவாசை. அந்த ரெண்டு வட்டத்துக்கும் நடுவுல இருந்ததுதான் நான் அழிச்ச மாசம். ஒரு வருஷமா அதுக்குக் கீழதான் நான் காப்பி குடிச்சுகினு இருந்திருக்கேன்.

"அதுவா? மல மாசம்டி. அதனாலதானே உங்க சித்தி புதுவீட்டுக்குப் பால் காய்ச்சல"ன்னாங்க அம்மா.

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா!"ன்னு கத்தினேன்.

"நீ கேட்டியாடி?"ன்னாங்க.

மறுநாள் அழிச்ச ஜேஷ்டத்தைத் திரும்பப் போட்டு, புரோகிராம்ல பன்னெண்டு மாசத்தைப் பதிமூணா மாத்தினேன். மாத்தினது ஒரே ஒரு வரி. கோடு பின்னால போகல, முட்டல, நோட்டோட கடைசி நாள் வரைக்கும் கரெக்டா வந்து நின்னுது. அடியில 'சேறு' ரெண்டு மாசத்துக்கு நேரா படுத்துக் கிடந்துச்சு. ரெண்டு மாசம்! நாப்பது நாள் ஊருக்கு போர் வாங்கிக் குடுத்துட்டு, ரெண்டு மாசம் சேறு பார்த்த தெருவுக்கு நான் திருட்டுப் பட்டம் கட்டியிருக்கேன்.

ஓவர்சியர்கிட்ட ஓடினேன். அவர் ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தார். "இப்போ சொல்றியேம்மா! வண்டி வேற தாலுகாவுக்குப் போயிடுச்சு. போட்ட போரைப் பிடுங்கவா முடியும்? அடுத்த வருஷ லிஸ்ட்டுல முதல்ல வரணும்னா, போன படம் தப்புன்னு எழுத்துல வேணும். தப்பு உன்னுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவியா?"

போட்டேன். ஒண்ணரைப் பக்கம் எழுதினேன். அவர் நல்ல மனுஷன், வாங்கி வெச்சுகினு, "அந்தத் தெருவுக்கு மட்டும் போகாதே. பாவம், அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா வீண் ரகளை"ன்னார். எனக்கும் அந்த யோசனை பிடிச்சுத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. நாலு நாள் போகாமதான் இருந்தேன். அஞ்சாம் நாள் ஞாயித்துக்கிழமை, பஸ் ஏறிட்டேன்.

பங்குனி வெயில் ஆரம்பிச்சிருந்துச்சு. தெருவுல ரெண்டு பக்கமும் தறிச் சத்தம். கிணத்தடியில பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க குடத்தோட நின்னுகினு இருந்தாங்க. அந்தப் பொண்ணு கயித்தை இறக்கி அளந்துகினு இருந்தாங்க. பங்குனியிலயே கயிறு பாதிக்கு மேல போயிடுச்சு. என்னைப் பார்த்ததும் முகம் மாறிடுச்சு.

"இன்னாத்துக்கு வந்தீங்க?"ன்னாங்க.

நான் வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிகினு வந்தது ஒண்ணும் வாயில வரல. நின்ன இடத்துலயே எல்லாத்தையும் கொட்டினேன். படம் போட்டது நான், உங்க மாசத்தை அழிச்சது நான், போர் வேற ஊருக்குப் போனது என்னாலன்னு. சொல்லச் சொல்ல அழுகை வந்துடுச்சு. சுத்தி நின்னவங்க முதல்ல ஒண்ணும் புரியாம பார்த்தாங்க. புரிஞ்சதும் ஒருத்தங்க, "அடிப்பாவி! அந்தப் பம்புசெட்டுக்கு இந்த வெயில்லயும் நடக்கணுமா?"ன்னு தலையில அடிச்சுகினாங்க. ரெண்டு மைல் தள்ளி ஒரு கரும்புத் தோட்டத்துல பம்புசெட்டு இருந்துச்சு. கிணறு வறண்டா கரென்ட் வர்ற நேரம் பார்த்து அங்கதான் போவாங்களாம். ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சாங்க. திட்டினாங்க. திட்டட்டும்னு நின்னேன். வேற என்ன செய்ய?

அந்தப் பொண்ணு மட்டும் திட்டல. கயித்தைச் சுத்தி வெச்சுட்டு நேரா என் முன்னால வந்து நின்னாங்க.

"அன்னைக்கு அத்தனை பேர் எதுர்ல நான் பொய் சொல்றேன்னு சிரிச்சீங்க. வீட்டுக்கு வந்து மூணு நாள் நான் யாருகிட்டயும் பேசல. அழுகையை வுடுங்க. இப்போ இத்தினி பேர் எதுர்ல சொல்லுங்க, மாசம் ரெண்டு தடவை வந்துச்சுன்னு."

சொன்னேன். சத்தம் வரல. "கேக்கல"ன்னாங்க. மறுபடி, நல்லா கத்திச் சொன்னேன். "போன வருஷம் ஜேஷ்ட மாசம் ரெண்டு தடவை வந்துச்சு."

யாரும் சிரிக்கல. குடத்தை இடுப்புல ஏத்திகினு இருந்த ஒருத்தங்க, "அதான் எங்களுக்கே தெரியுமே. அதைச் சொல்லவா இம்மாந்தூரம் வந்தே?"ன்னு கேட்டுட்டு நடையைக் கட்டினாங்க. மத்தவங்களும் ஒவ்வொருத்தரா முறைப்படி இறைக்கப் போயிட்டாங்க. அந்தப் பொண்ணு, "வெயில் ஏறுது, பஸ்ஸுக்குப் போங்க"ன்னு சொல்லிட்டுத் திரும்பிகினாங்க. மன்னிச்சாங்களான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அந்தத் தெருவுக்கு போர் வந்துச்சு, அடுத்த வருஷ லிஸ்ட்டுல முதல் பேரா. ஆனா நடுவுல ஒரு முழுக் கோடை இருந்துச்சே! அந்தக் கோடையில ஒவ்வொரு நாளும் நான் மெட்ராஸ் ரயில்ல ஜன்னல் சீட்டுல போனேன், அவங்க கரும்புத் தோட்டத்துக்குக் குடத்தோட நடந்தாங்க. என்னால செய்ய முடிஞ்சது எதுவும் இல்ல.

அப்புறம் முப்பது வருஷம் கம்ப்யூட்டரோடதான் பிழைப்பு. லைப்ரரிங்க எல்லாம் இப்போ தேதியைத் தானே புரிஞ்சுகினு, தானே பிரிச்சு, தானே அழகா எழுதுது. புரிஞ்சுக்காதது நான்தான் ரொம்ப நாள். எனக்குத் தெரியாத ஒண்ணை ஒருத்தர் சொன்னா, அது பொய்யாத்தான் இருக்கணும்னு சட்டுன்னு ஒரு நெனைப்பு இன்னும் எனக்கு வருது. வரும்போதெல்லாம் பல்லைக் கடிச்சுகினு, 'அது எப்படிங்க, கொஞ்சம் சொல்லுங்க'ன்னு கேட்டுட்டு, அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காம உக்காந்திருக்கேன்.